அந்த ஆறு லட்சம் பேருக்கு யார் பதில் சொல்வது?

2020 மார்ச் 24, உலகக் காசநோய் நாள். அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். நுரையீரலைத் தாக்கும் ஒரு புதிய கிருமியிடமிருந்து மக்களைக் காக்க எடுத்த முடிவு அது. ஆனால் ஏற்கெனவே நுரையீரல் பழுதாகி, அன்றாடம் மாத்திரையையோ ஆக்சிஜனையோ நம்பி உயிர் வாழ்ந்தவர்கள் மறுநாள் காலை என்ன செய்வார்கள் என்ற அக்கறை அந்த அறிவிப்பில் இல்லை. உலகிலேயே மிக அதிகமான காசநோயாளிகள் வாழும் நாடு இது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் தன் காசநோய்த் திட்டத்துக்கு 'ஒழிப்புத் திட்டம்' என்று புதுப்பெயர் சூட்டியிருந்தது அரசு. இரண்டே மாதத்தில் அந்த நோயாளிகளைக் கைவிட்டது.

இது கடுமையான சொல்தான். அரசின் சொந்தக் கணக்கைப் பார்த்துவிட்டே சொல்கிறோம். 2019-ல் நாடு முழுவதும் பதிவான காசநோயாளிகள் 24.04 லட்சம் பேர். 2020-ல் அது 18.05 லட்சமாகச் சரிந்தது. ஒரே ஆண்டில் ஆறு லட்சம் பேர் குறைவு. மறு ஆண்டும் ஏறக்குறைய 21.4 லட்சத்தோடு நின்றது. 2022-ல்தான் பழைய அளவு திரும்பியது.

நோயே குறைந்துவிட்டது என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாது. உடலுக்குள் புகுந்த காசநோய்க் கிருமி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் நோயாக வெளிப்படும். முகக்கவசமும் ஊரடங்கும் அன்றைய தொற்றைத் தடுத்திருந்தால்கூட, அதற்கு முன்பே தொற்றியவர்களுக்கு வரவேண்டிய நோய் வந்தே தீர்ந்திருக்கும். குறைந்தது கண்டுபிடிப்பு. இருமலோடும் மாலைக் காய்ச்சலோடும் மெலிந்துகொண்டே போனவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், பதிவேட்டில் இல்லை. மருந்து கிடைக்காவிட்டால் காசநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துவிடுவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருமும் ஒருவர் ஓராண்டில் பத்துப் பதினைந்து பேருக்குக் கிருமியைக் கொடுத்துவிடலாம் என்பது மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இவ்வளவும் தெரிந்த ஓர் அரசு அந்த ஆறு லட்சம் பேரைத் தேடிப் போயிருக்க வேண்டாமா?

ஊரடங்கே கூடாது என்று நாம் வாதிடவில்லை. தடுப்பூசியும் இல்லாமல், சிகிச்சை முறையும் தெளியாமல் இருந்த அந்த முதல் வாரங்களில் கூட்டத்தைத் தவிர்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொரோனா வார்டுகளில் உயிரைப் பணயம் வைத்து நின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் மீதும் நமக்கு ஒரு குறையும் இல்லை. பலர் அங்கேயே உயிரை விட்டார்கள். நம் கண்டனம் மேலே இருந்து உத்தரவிட்டவர்களை நோக்கியது. ஒரு நோயைத் தடுக்க எல்லாக் கதவுகளையும் அடைத்தவர்கள், இன்னொரு நோயால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கதவையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

உள்துறை அமைச்சகத்தின் உத்தரவில் மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் விலக்கு இருந்தது உண்மை. மருத்துவமனை திறந்திருந்தது; அங்கே போகும் வழி அடைபட்டுவிட்டது. தாம்பரம் சானடோரியத்தை எடுத்துக்கொள்வோம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதன் பெயரிலேயே மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. நோயாளிகள் ரயிலில் வந்து இறங்கி, மூச்சு வாங்க நடைமேடை பெஞ்சில் சற்று உட்கார்ந்து, பிறகு மெல்ல நடந்து புறநோயாளிகள் பிரிவுக்குப் போவது பல தலைமுறைப் பழக்கம். மார்ச் மாதம் நின்ற அந்த ரயிலில் சாதாரண மக்கள் மீண்டும் ஏற அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிட்டன. பேருந்து? ஜூன் மாதம் மட்டும் மற்ற மாவட்டங்களில் ஓடியது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்கு அதுவும் கிடையாது. செப்டம்பர் 1-ல்தான் பேருந்து வந்தது. ஐந்து மாதத்துக்கு மேல்!

ஆட்டோவுக்கும் காருக்கும் கொடுக்கப் பணம் இருந்தவர்களுக்கு இ-பாஸ் என்ற அடுத்த தடை காத்திருந்தது. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆகஸ்ட் இறுதிவரை அது கட்டாயம். மருத்துவ அவசரம் என்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மாதம் ஒருமுறை சளிப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் போக வேண்டிய ஒருவர் தன் பயணத்தை அவசரம் என்று எந்தச் சான்றிதழைக் காட்டி நிரூபிப்பார்? பத்துப் படி ஏறினால் மூச்சிரைக்கிறவரும் எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லி நிற்க வேண்டியிருந்தது. அதற்கு அஞ்சியே வீட்டில் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

காசநோய் மருந்து தலைவலி மாத்திரையைப் போன்றது அன்று. நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, உடல் எடையைப் பார்த்துக் கொடுக்கப்படும்: 35 முதல் 49 கிலோ வரை இருப்பவருக்கு நாளுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. இரண்டு மாதம் இப்படி, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகளாக. ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால் கிருமி பலம் பெறும். சாதாரணக் காசநோய், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும். அதன் பிறகு சிகிச்சைக் காலம் அன்று ஆறு மாதத்தோடு நிற்கவில்லை, பக்கவிளைவுகள் கொடியவை, பிழைப்பது நிச்சயமும் இல்லை.

இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் சென்னையும் ஒன்று. 1956-ல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் நிறுவியது. உலகமே அதைப் பின்பற்றியது. அந்த முறை நிற்பது ஒரே ஒரு நிபந்தனையில்: மருந்து தவறாமல் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் சாப்பிடுகிறாரா என்று யாராவது வந்து பார்க்க வேண்டும். ஊரடங்கு முறித்தது அந்த நிபந்தனையை. ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று மேலிருந்து அறிவுரை போனது. மருந்து இருந்த இடத்தில், கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருந்த இடத்தில் அது நடந்தது. தங்கள் இருசக்கர வாகனத்தில், சொந்தப் பெட்ரோலில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோன களப்பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு தேசியத் திட்டம் களப்பணியாளரின் சொந்த மனசாட்சியை நம்பி நடக்கலாமா? காசநோய் உள்ளிட்ட அத்தியாவசிய மருத்துவச் சேவைகளை எப்படித் தொடர வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்ட நாள் ஏப்ரல் 14. அறிவிக்கப்பட்ட 21 நாள் முடிகிற நாள் அது.

சிகிச்சையில் இருந்தவர்கள் பாடு இதுவென்றால், நோய் இன்னும் கண்டறியப்படாதவர்கள் பாடு இதைவிடக் கொடிது. சளியில் காசநோய்க் கிருமியையும் மருந்து எதிர்ப்பையும் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளைப் பல ஆண்டு முயற்சியில் மாவட்டம்தோறும் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் அதே கருவிகளைக் கொரோனா பரிசோதனைக்குப் பயன்படுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அனுமதி கொடுத்தது. கருவி போனது; கூடவே ஆய்வக நுட்புநரும் போனார்; தொற்றுத் தடம் தேட மாவட்டக் காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர்களும் போனார்கள். நெருக்கடியில் ஒரு கருவியை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவது தவறில்லை. பழைய வேலைக்கு இத்தனை பங்கு, இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கி வைக்காமல் போனதுதான் தவறு.

காய்ச்சல் முகாம்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், வேட்டி இடுப்பில் நிற்காத மெலிவு. இப்படி ஒருவர் முகாமுக்கு வருகிறார். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து 'நெகடிவ்' என்று குறுஞ்செய்தி வருகிறது. கையில் ஜிங்க் மாத்திரை, வைட்டமின் மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொட்டலம். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். சளியைக் குப்பியில் துப்பிக் கொடுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கொரோனா இல்லாத இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும், காசநோயாளிக்குக் கொரோனா பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள் என்ற மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது ஆகஸ்ட் மாதத்தில். அதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. நாட்டிலேயே அதிகமான இருமல்காரர்கள் அரசின் வாசலுக்குத் தாங்களாகவே வந்து நின்ற ஐந்து மாதம்.

அவர் திரும்பிப் போன வீட்டையும் நினைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை, ஒரு சன்னல், ஆறு பேர். சாதாரண நாளில் ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். ஊரடங்கில் இரவும் பகலும் எல்லோரும் அதே காற்றை மூச்சிழுத்தார்கள். பேரப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

இப்படியெல்லாம் ஆகும் என்று எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 2020 மே மாதமே 'ஸ்டாப் டிபி' கூட்டமைப்பு தன் கணிப்பை வெளியிட்டது: மூன்று மாத ஊரடங்கு, அதன்பின் பத்து மாதத்தில் படிப்படியான மீட்பு என்று வைத்துக்கொண்டால், 2025-க்குள் உலகில் கூடுதலாக 63 லட்சம் பேருக்குக் காசநோய் வரும், 14 லட்சம் பேர் கூடுதலாக இறப்பார்கள். எச்சரித்தும் பலனில்லை. 2020-ல், பத்தாண்டுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்த உலகக் காசநோய் இறப்பு முதன்முறையாக ஏறியது. 2020 முதல் 2022 வரையிலான பெருந்தொற்றுத் தடங்கலால் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. 2020-ல் உலக அளவில் நோயாளிகளின் பதிவு சரிந்ததில் இந்தியாவின் பங்கே எல்லா நாடுகளையும்விடப் பெரியது.

ஊரடங்கு நாட்களில் காற்று சுத்தமானதையும் ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வருவது குறைந்ததையும் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். வாகனப் புகை இல்லாததும், முகக்கவசத்தால் சளித் தொற்று குறைந்ததும் பலருக்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர் எண்ணிக்கை குறைந்ததை நோய் குறைந்ததற்கான சான்றாகக் காட்டக் கூடாது. அங்கே போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தில் வீட்டிலேயே நெபுலைசரை வைத்துச் சமாளித்தவர்கள், சமாளிக்க முடியாமல் போனவர்கள் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்கு வெளியே இருக்கிறார்கள். விறகடுப்புப் புகையில் நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த பெண்களுக்கு வெளிக்காற்று சுத்தமானதால் ஒரு பயனும் இல்லை.

பிறகு வந்தது 2021 ஏப்ரல், மே. மருத்துவமனைகளிலேயே ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் இறந்த நாட்கள். அந்த அவலத்தின் நிழலில் மறைந்துபோன ஒரு கூட்டம் உண்டு: கொரோனாவுக்கு முன்பிருந்தே வீட்டு ஆக்சிஜனில் வாழ்ந்தவர்கள். நுரையீரல் நார்த்திசு நோயாளிகள், கல் உடைத்துக் கல் அறுத்துச் சிலிகோசிஸ் வாங்கிக்கொண்ட தொழிலாளர்கள், காசநோய் குணமாகியும் நுரையீரல் சுருங்கிப்போனவர்கள். இவர்களுக்குச் சிலிண்டர் மறுநிரப்பு நாளாந்தத் தேவை. தொழிற்சாலை ஆக்சிஜன் முழுவதையும் மருத்துவமனைகளுக்குத் திருப்பியபோது வீட்டு நோயாளிகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்கு அதுவரை 28 சதவீத வரி. மே மாதம் 12 ஆகக் குறைத்தார்கள். இந்தக் கருவியில் வியாபாரிகள் வைக்கும் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தது ஜூன் 3-ல், அலை வடியத் தொடங்கிய பிறகு. மூச்சு விடுவதற்கான கருவிக்கு ஆடம்பரப் பொருளுக்கான வரியை விதித்து வைத்திருந்த கொடுமையை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

நடந்தது நடந்துவிட்டது, இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: பிழை இன்னும் திருத்தப்படவில்லை. 2024 மார்ச் 18-ல் மத்திய காசநோய்ப் பிரிவு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. எதிர்பாராத காரணங்களால் மருந்து வழங்கல் தாமதமாகலாம், மூன்று மாதத்துக்கு நீங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அப்போது பெருந்தொற்றும் இல்லை, ஊரடங்கும் இல்லை. சாதாரண நாளிலேயே அடிப்படை மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. உலகுக்கே மருந்து செய்து அனுப்பும் நாட்டில், நான்காண்டுக்கு முன் இதே தவறின் விலையைக் கண்ணால் பார்த்த அமைச்சகம், மூன்று மாதக் கையிருப்பைக்கூட வைத்திருக்கவில்லை. கள அளவில் நோயாளியைத் தேடிப் போகும் மேற்பார்வையாளர்களும் ஆய்வக நுட்புநர்களும் பெரும்பாலும் இன்றும் ஒப்பந்த ஊழியர்கள். நோயாளியின் சத்துணவுக்கான மாத உதவி 500 ரூபாயாகவே இருந்தது. அதை 1,000 ஆக்க 2024 நவம்பர் வரை பிடித்தது. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லி மாநாட்டில் உலகத்தின் முன் கொடுத்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. பத்தாண்டில் புதிய நோயாளிகளின் விகிதத்தை 80 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2015-ல் லட்சத்துக்கு 237 ஆக இருந்தது 2024-ல் 187, அதாவது 21 சதவீதக் குறைவு. பல நாடுகளைவிட இது வேகம் என்று பெருமைப்படுகிறார்கள். வாக்களித்ததில் கால்வாசியைச் சற்றே தாண்டிய கணக்கைக் காட்டிப் பெருமைப்படுவது முறையா?

ஆகவே கேட்கிறோம். முதலில் கணக்கு வேண்டும். 2020 மார்ச் 24 அன்று அரசின் 'நிக்ஷய்' காசநோயாளர் பதிவில் சிகிச்சையில் இருந்த ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று? எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு மருந்து இடையில் நின்றது, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் மருந்து எதிர்ப்பு நோயோடு திரும்பி வந்தார்கள்? பெயர் வேண்டாம், மாவட்டவாரியாக எண்ணிக்கை போதும். இந்தத் தகவல் அரசின் கணினியில் இருக்கிறது. அதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டியது சுகாதார அமைச்சரின் கடமை.

அடுத்தது சட்டம். ஊரடங்கு 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரம் என்ன என்று வழிகாட்டுதல் வகுக்கும் பொறுப்பை அதே சட்டத்தின் 12-வது பிரிவு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. அதில் மருத்துவ வசதியும் அடக்கம். அந்த வழிகாட்டுதலில் நெஞ்சக நோயாளிகளுக்கான பகுதி எழுதப்பட வேண்டும். எந்த நெருக்கடியிலும் காசநோய்ப் பரிசோதனைக் கருவிகளிலும் பணியாளர்களிலும் ஒரு பங்கைத் தொடவே கூடாது. போக்குவரத்தை நிறுத்தும் அதே உத்தரவில் நோயாளியின் மருத்துவமனைச் சீட்டே பயண அனுமதி என்று இருக்க வேண்டும். வீட்டு ஆக்சிஜன் நோயாளிகளின் பட்டியல் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். காசநோய் மருந்து குறைந்தது ஆறு மாதக் கையிருப்பாக மாவட்டக் கிடங்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தக் களப்பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும்; ஆபத்தில் முதலில் அனுப்பப்படுகிறவரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் காகிதத்தில் தொங்கவிடக் கூடாது.

தமிழக அரசு இதற்காக டெல்லியின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நல்ல முன்னுதாரணம். நோய் கண்டறிந்த அன்றே உடல் மெலிவு எவ்வளவு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, தாங்கலில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. எடைபார்க்கும் இயந்திரமும் ஆக்சிமீட்டரும் அக்கறையுள்ள செவிலியரும் போதுமாக இருந்தார்கள். 2020-லேயே இதைச் செய்திருக்க முடியும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இனி அடுத்த படி, குணமானவர்களைத் தொடர்வது: மருந்து முடிந்த பிறகும் மூச்சிரைப்போடு வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மூச்சுப் பயிற்சிப் பிரிவும், மருத்துவர் பரிந்துரைத்தால் வீட்டுக்கே இலவச ஆக்சிஜனும். இதற்கு ஓர் அரசாணை போதும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் சுகாதாரத் துறை அந்த ஆணையை வெளியிட வேண்டும். அதில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மருந்து, எத்தனை கருவி, எத்தனை ஆள் என்று எண்ணாகவே குறிப்பிட வேண்டும்.